குளிர்காற்று சூடான கடலைக் கடக்கும்போது அதற்கு என்ன ஆகிறது?

கேள்வி இதுதான்: குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று கடுங்குளிரானது, வறண்டது. அதே காற்று ஜப்பான் கடலைத் தாண்டி மறுகரை ஏறும்போது ஆள் உயரத்துக்கு மேல் வெண்பனியைக் கொட்டுகிறது. வறண்ட காற்றுக்கு இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது? வழியில் கடல் அதைச் சூடாக்கியிருந்தால் மழையாகத்தானே பெய்ய வேண்டும், ஏன் பனியாக விழுகிறது?

நீரைக் கொடுத்தது கடல்தான். அது எல்லோரும் ஊகிக்கக்கூடிய பதில். ஆனால் கடல் கொடுப்பது நீர் மட்டும் இல்லை. காற்றுக்கு அது அடியிலிருந்து வெப்பம் கொடுக்கிறது. அந்த 'அடியிலிருந்து' என்பதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. எத்தனை டிகிரி சூடானது என்பதைவிட, அந்தச் சூடு எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது என்பதே பின்னால் நடக்கும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில், கிளம்பும் இடத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு பெரிய நிலப்பரப்பின் மேல் காற்று பல நாட்கள் அசையாமல் கிடந்தால், அந்த நிலத்தின் குணம் அதற்கு வந்துவிடும். இப்படி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரே வெப்பநிலையும் ஈரப்பதமும் கொண்டு கிடக்கும் காற்றைத்தான் காற்றுத் திரள் என்கிறோம். சைபீரியாவில் நீண்ட இரவு, பனி மூடிய தரை, தெளிந்த வானம். தரை தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று கூடவே குளிர்கிறது. யாகூட்ஸ்க் நகரின் சராசரி ஜனவரி வெப்பநிலை கழித்தல் 38 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேலே போனால் காற்று அங்கே தரையை விட வெதுவெதுப்பாக இருக்கும். வழக்கமாக உயரம் ஏற ஏறக் குளிர வேண்டிய காற்று இங்கே தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கிறது. கனமான குளிர்காற்று அடியில், லேசான காற்று மேலே. இதைவிட அசையாத அடுக்கு வேறு இல்லை. மேலும் கீழும் கலப்பதற்கு அங்கே காரணமே கிடையாது.

இந்தக் காற்று கடற்கரையைத் தாண்டியதும் நிலைமை சட்டென்று மாறுகிறது. குளிர்காலத்திலும் கடல்நீர் உறைநிலைக்கு மேலேயே இருக்கிறது. ஜப்பான் கடலின் வடமேற்கு ஓரத்தில் ஓரிரு டிகிரி. தெற்கிலிருந்து சுஷிமா நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் பகுதியில் 10 டிகிரிக்கும் மேல். காற்றோ கழித்தல் 10, கழித்தல் 15 என்று வந்து இறங்குகிறது. கடல் ஏன் சீக்கிரம் குளிர்ந்து போவதில்லை என்று தோன்றலாம். ஒரு சதுர மீட்டருக்கு மேல் வானம் வரை நிற்கும் மொத்தக் காற்றையும் ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தைக் கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீர் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் கொடுத்துவிடும். குளிர்காலக் கடலில் நூறு மீட்டர் ஆழம் வரையும் நீர் கலந்து கிடப்பது சாதாரணம். அதனால் ஒரு குளிர் அலை கடந்து போகும் சில நாட்களில் கடல் காட்டும் மாற்றம் சிறியது. காற்று படும் மாற்றம் பெரியது.

வெப்பம் இரண்டு வழியாகக் கைமாறுகிறது. ஒன்று, நீர் தொட்ட காற்று நேரடியாகச் சூடாவது. இதை உணர் வெப்பம் என்பார்கள். இன்னொன்று, நீர் ஆவியாகும்போது கடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வேண்டும். இந்த வெப்பம் வெப்பமானியில் உடனே தெரியாது. ஆவிக்குள் ஒளிந்து பயணம் செய்து, பின்னால் எங்கோ மேகம் உருவாகும் இடத்தில்தான் வெளியே வரும். அதாவது கடல் காற்றுக்கு ஒரு பகுதியை ரொக்கமாகவும் இன்னொரு பகுதியைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் காசோலையாகவும் கொடுக்கிறது.

அளவு எவ்வளவு? காற்று வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசுகிறது, கடலுக்கும் காற்றுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கின்படி, உணர் வெப்பமாக மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 300 வாட் மேலே போகும். கடல்நீர் 10 டிகிரியில் இருந்து காற்று நன்றாக வறண்டிருந்தால் உள்ளுறை வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு சேரும். இரண்டும் சேர்ந்து 600 வாட்டைத் தாண்டுகிறது. தெளிந்த வானத்தில் உச்சிவெயில் தரைக்குத் தரும் வெப்பமே ஆயிரம் வாட்டை ஒட்டித்தான்; அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும். இங்கே கடல் இரவும் பகலும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால், வளைகுடா நீரோட்டத்தின் மேல், 1986இல் நடந்த கேல் என்ற பெரிய கள ஆய்வின்போது வந்த குளிர் அலையில் இந்த மொத்த அளவு ஆயிரம் வாட்டையும் தாண்டியது.

இனி முக்கியமான இடம். அடுப்பில் வைத்த பாத்திரத்து நீர் அடியிலிருந்து சூடேறுவதால்தான் புரண்டு கலங்குகிறது. காற்றிலும் அதேதான். கடலைத் தொட்ட காற்று சூடாகி லேசாகிறது, மேலே எழும்புகிறது, மேலிருக்கும் குளிர்காற்று அந்த இடத்துக்கு இறங்கி வந்து தானும் சூடாகிறது. சைபீரியாவில் அசையாமல் அடுக்கிக் கிடந்த காற்று இப்போது கொதிக்கும் அடுக்காகிவிட்டது. முதலில் இந்தக் கலங்கும் அடுக்கு சில நூறு மீட்டர்தான் இருக்கும். அதன் தலையில், மேலே இருக்கும் வெதுவெதுப்பான நிலையான காற்று ஒரு மூடி போல உட்கார்ந்திருக்கிறது. எழும்பும் காற்று அந்த மூடியில் மோதி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைப் பிய்த்துத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. அடுக்கு வளர்கிறது. ஜப்பான் கரையை அடையும்போது அது இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்திருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. காற்று கடலிலிருந்து ஆவியைக் குடித்துக்கொண்டே வருகிறதே, சீக்கிரம் நிறைந்து போய் ஆவியாதல் நின்றுவிடாதா? நிற்பதில்லை. குளிர்காற்று மிகக் குறைவான ஆவியைத்தான் தாங்கும்: கழித்தல் 20 டிகிரியில் ஒரு கிலோ காற்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அதே காற்று 5 டிகிரிக்கு வந்தால் ஐந்து கிராமுக்கு மேல் தாங்கும்; 20 டிகிரியில் பதினான்கு, பதினைந்து கிராம். கடல் ஒரு கையால் ஆவியைக் கொடுத்துக்கொண்டே மறு கையால் காற்றின் கொள்ளளவையும் பெரிதாக்குகிறது. போதாததற்கு, மேல் மூடியிலிருந்து வறண்ட காற்று வேறு இறங்கிக் கலக்கிறது. அதனால் காற்றில் உள்ள நீரின் அளவு பல மடங்கு பெருகிய பிறகும் கடல்மட்டத்தில் ஒப்பு ஈரப்பதம் நூறு சதவீதத்துக்கு வெகு கீழேயே இருக்கிறது. காற்று கடைசி வரை தாகத்தோடுதான் போகிறது. ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்த்து 'இந்தக் காற்று பெரிதாக மாறவில்லை' என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும்.

சரி, எவ்வளவு தூரம் போனால் காற்று கடலின் வெப்பநிலைக்கு வந்து சேரும்? வேகமாக வீசினால் சூடாக நேரம் இருக்காது, மெதுவாகப் போனால் நன்றாகச் சூடாகும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கணக்கு வேறு மாதிரி வருகிறது. வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு கிலோமீட்டர் கடலின் மேலும் காற்று இருக்கும் நேரம் பாதியாகிறது; ஆனால் கொந்தளிப்பு கூடுவதால் கடல் வினாடிக்குக் கொடுக்கும் வெப்பம் இரட்டிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. கடந்த தூரமும் அடுக்கின் தடிமனும்தான் முக்கியம். கலங்கும் அடுக்கு ஒரு கிலோமீட்டர் தடிமன் என்று வைத்து மற்றவற்றை ஒதுக்கிவிட்டால், சுமார் 800 கிலோமீட்டர் பயணத்தில் ஆரம்ப வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அடுக்கு 400 மீட்டர்தான் என்றால் 350 கிலோமீட்டருக்குள் அதே நிலை வந்துவிடும். ஜப்பான் கடலின் அகலமும் இந்த அளவில்தான் இருக்கிறது. ஆகவே மறுகரைக்கு வரும் காற்று பெரும்பாலும் மாறிய, ஆனால் முழுதாக மாறி முடிக்காத காற்று. இந்தப் 'பாதி மாறிய' நிலைதான் மழைக்குப் பதில் பனி விழுவதற்குக் காரணம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் மேகங்கள். கரையை விட்ட உடனே கடலிலிருந்து புகை எழுவது போல மெல்லிய மூட்டம் தெரியும். சூடான நீரிலிருந்து எழும் ஆவி, கடுங்குளிர்காற்றில் கலந்த உடனே துளியாகி, சில மீட்டரிலேயே மறுபடி கரைந்துவிடுகிறது. உண்மையான மேகம் பிறக்க அடுக்கு போதிய உயரம் வளர வேண்டும், அதன் தலைப்பகுதி நிறைவுநிலையை, அதாவது இனி ஆவியைத் தாங்க முடியாத நிலையை, தொட வேண்டும். அதுவரை வானம் தெளிவாகத்தான் இருக்கும். குளிர்காலச் செயற்கைக்கோள் படத்தில் விளாடிவோஸ்டாக் பக்கத்துக் கரையை ஒட்டி மேகமே இல்லாத ஒரு கருநிறப் பட்டை ஓடுவதைப் பார்க்கலாம். அந்தப் பட்டையின் அகலத்தை ஜப்பானிய வானிலையாளர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். பட்டை குறுகலாக இருந்தால், காற்று அவ்வளவு சீக்கிரம் மாறத் தொடங்கியிருக்கிறது, அதாவது குளிர் அவ்வளவு கடுமை என்று பொருள். கடலின் நடுவில் கருவிகள் அதிகம் இல்லாத இடத்தில், ஒரே ஒரு படத்திலிருந்து இவ்வளவு படிக்க முடிவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

பட்டை முடியும் இடத்தில் மேகங்கள் வரிசை வரிசையாகத் தொடங்குகின்றன. பலத்த காற்றும் அடிச்சூடும் சேரும்போது, மேலெழும் காற்று கண்டபடி எழாமல், காற்று வீசும் திசையிலேயே நீண்ட உருளைகளாகச் சுழல்கிறது. இரண்டு உருளைகள் சேர்ந்து மேலே தூக்கும் கோட்டில் மேகம். இரண்டும் இறங்கும் கோட்டில் தெளிவு. இந்த மேகத் தெருக்களுக்கு இடைப்பட்ட தூரம் தொடக்கத்தில் அடுக்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. அடுக்கு வளர வளர தெருக்களும் அகலமாகின்றன. இன்னும் தூரம் போனால் தெருக்கள் உடைந்து அறுகோணம் போன்ற அறைகளாகின்றன: ஓரங்களில் மேகம், நடுவே வெற்றிடம். மேகத்துக்குள் பனித்துகள்கள் உருவாகிப் பொழிவு தொடங்குவதற்கும் இந்த உடைதலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கழித்தல் 15 டிகிரியிலும் இந்த மேகங்களில் நிறைய நீர் உறையாத துளியாகவே மிதக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு துளி பனியாக மாறும் என்பதைக் கணினி மாதிரிகள் இன்னும் சரியாகப் பிடிக்கத் தடுமாறுகின்றன. 2019 இறுதியிலிருந்து 2020 மே வரை நார்வேயின் ஆண்டெனஸிலும் பியர் தீவிலும் கருவிகளை நிறுத்தி நடந்த காம்பிள் ஆய்வின் நோக்கமே இந்த வகைக் குளிர்க் காற்றோட்டங்களின் மேகங்களை அளப்பதுதான். அந்தப் பக்கம் காற்று கடற்பனியின் விளிம்பைத் தாண்டி நேராகத் திறந்த நீருக்குள் இறங்குவதால், சில மணி நேரத்திலேயே முழு நாடகமும் நடந்துவிடுகிறது. அங்கேதான் துருவத் தாழ்வுகள் என்ற சிறிய சூறாவளிகளும் பிறக்கின்றன. சில நூறு கிலோமீட்டர் அகலம், ஒன்றிரண்டு நாள் ஆயுள், ஆனால் மீனவர்களுக்கு மிக ஆபத்தானவை.

மேகம் பிறந்த பிறகு அந்தக் காசோலை மாற்றப்படுகிறது. ஆவி துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிவந்து, மேகத்தை உள்ளிருந்தே சூடாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது. மூடியைத் துளைக்கும் பலம் கூடுகிறது. இதனால்தான் ஆவியாதல் அதிகம் நடக்கும் வெப்பக் கடல்களில் கதை வேறு சாயலில் போகிறது. துருவப் பகுதியில் உணர் வெப்பமும் உள்ளுறை வெப்பமும் ஏறக்குறைய சமபங்கு. தெற்கே குரோஷியோ என்ற வெப்ப நீரோட்டத்தின் மேல் வந்தால் உள்ளுறை வெப்பத்தின் பங்கு பல மடங்கு ஓங்கிவிடும். ஒகினாவாவைச் சுற்றி 1974, 1975 பிப்ரவரி மாதங்களில் நடந்த ஆம்டெக்ஸ் ஆய்வு இந்த மாற்றத்தையே குறிவைத்து, கப்பல்கள், விமானங்கள், பலூன்கள் கொண்டு அளந்தது. உள்ளுறை வெப்பம் 400 வாட் என்றால் கடல் ஒரே நாளில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது. அதே குளிர் அலை இன்னும் தெற்கே தென்சீனக் கடல் முழுவதையும் கடந்து நிலநடுக்கோட்டை நெருங்கும்போது அதில் குளிர் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. ஆனால் ஈரம் நிறைந்திருக்கும். மலேசியாவின் கிழக்குக் கரையில் டிசம்பர் வாக்கில் பெருவெள்ளம் கொண்டுவருவதில் அதற்குப் பங்கு உண்டு.

இப்போது பனிக்கு வருவோம். கடல்மட்டத்துக் காற்று உறைநிலையை ஒட்டியோ சற்று மேலேயோ வந்துவிட்டது. ஆனால் கலங்கும் அடுக்கில் ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும், மேகத்துக்குக் கீழே, கிட்டத்தட்ட 10 டிகிரி குறைகிறது. கீழே 2 டிகிரி என்றால் ஒரு கிலோமீட்டர் மேலே கழித்தல் 8. அடுக்கின் தலைப்பகுதியில் அதைவிடக் குளிர். அடுக்கையும் தாண்டி மேலே போனால் கடலின் சூடு இன்னும் எட்டவே இல்லை. அங்கே சைபீரியக் குளிர் அப்படியே இருக்கிறது. மேகம் உருவாவதும் பனித்துகள் வளர்வதும் அடுக்கின் அந்தக் குளிர்ந்த தலைப்பகுதியில்தான். விழும் துகள் உறைநிலைக்கு மேலான காற்றில் கடக்க வேண்டிய தூரம் மிகக் குறைவு. உருகுவதற்குள் தரையைத் தொட்டுவிடுகிறது. ஜப்பானில் 1500 மீட்டர் உயரத்தில் கழித்தல் 6 டிகிரிக்குக் கீழே போனால் சமவெளியில் பனி, 5500 மீட்டரில் கழித்தல் 36 டிகிரி வந்தால் கனத்த பனி என்று நடைமுறை அளவுகோல்களே உண்டு. இரண்டுமே தரையின் குளிரைக் கேட்பதில்லை, மேலே எவ்வளவு குளிர் மிச்சம் என்பதைத்தான் கேட்கின்றன. அடி சூடாக, மேல் குளிராக இருக்கும் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வன்மையாகக் காற்று மேலெழும்.

கடைசித் தள்ளு மலைகள் கொடுப்பது. ஜப்பானின் நடுவே ஓடும் மலைத்தொடர் இந்த ஈரக்காற்றை ஒரேயடியாக மேலே ஏற்றுகிறது. நீகாடா மாகாணத்தின் தகாடாவில் 1945 பிப்ரவரியில் பனி 377 சென்டிமீட்டர் உயரம் நின்றது. இபுகி மலையில் 1927 பிப்ரவரி 14 அன்று அளந்த பனி உயரம் 1182 சென்டிமீட்டர்; வானிலை நிலையம் ஒன்றில் பதிவான உலக அளவிலான உச்சம் அது. கடலுக்கு மறுபக்கம் இருக்கும் மலைகளுக்கும் இதில் கை உண்டு. சீன, வடகொரிய எல்லையில் இருக்கும் சாங்பாய் மலைகள் வரும் காற்றை இரண்டாகப் பிளக்கின்றன. பிளந்த இரண்டு ஓட்டங்களும் கடலின் மேல் மறுபடி மோதும் கோட்டில் தடித்த மேகப் பட்டை ஒன்று உருவாகி, அது எந்தக் கரையில் போய் முட்டுகிறதோ அங்கே சில மணி நேரத்தில் ஊரையே முடக்கும் பனி விழுகிறது. இதற்கெல்லாம் மறுபுறம் டோக்கியோவில் அதே நாளில் வெயில். நீரையெல்லாம் மலையில் இறக்கிவிட்ட காற்று, அதன் மேலே வெளிவந்த வெப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு வறண்டு இறங்குகிறது. ஒரே காற்று சில நூறு கிலோமீட்டருக்குள் வறண்டு, நனைந்து, மறுபடி வறண்டுவிடுகிறது.

கேள்வியில் கேட்கப்படவில்லை, ஆனாலும் கடலின் பக்கத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெப்பத்தை இழந்த மேல்நீர் கனமாகிறது. ஆவியாதலால் உப்பும் கூடி இன்னும் கனமாகிறது. அது கீழே இறங்குகிறது. பிரான்ஸின் தெற்கே லயன் வளைகுடாவில், மிஸ்ட்ரல் என்ற குளிர்ந்த வறண்ட காற்று வீசும் குளிர்காலங்களில், மேல்நீர் 2000 மீட்டருக்கும் கீழே வரை கலப்பதை 1969இல் மெடோக் ஆய்வு நேரில் பார்த்தது. கனடாவிலிருந்து வரும் காற்றால் லாப்ரடார் கடலிலும் இப்படி ஆழக் கலப்பு நடக்கிறது. உலகப் பெருங்கடல்களின் ஆழ்நீர் தன் உயிர்வளியைப் பெறும் மிகச் சில வாசல்களில் அவையும் உண்டு. காற்றுத் திரளின் மாற்றம் என்று நாம் பேசுவது கடலுக்கு மூச்சு விடும் நேரம்.

எதிர்த் திசையில் நடப்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், அடியிலிருந்து சூடாவதன் அருமை அப்போதுதான் தெரியும். சூடான காற்று குளிர்ந்த கடலின் மேல் போனால் அடி குளிர்கிறது, அடுக்கு இறுகுகிறது, கலப்பு செத்துவிடுகிறது. மாற்றம் சில நூறு மீட்டருக்கு மேல் ஏறவே ஏறாது. மிஞ்சுவது நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே கிராண்ட் பேங்க்ஸில் நிற்பது போன்ற கடல் மூடுபனி. பிரிட்டனுக்கு வரும் சில காற்றில் இரண்டுமே ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். கிரீன்லாந்துப் பக்கத்திலிருந்து கிளம்பிய குளிர்காற்று அட்லாண்டிக்கில் வெகுதூரம் தெற்கே இறங்கிச் சூடாகி நனைகிறது. அப்புறம் ஒரு காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றி வடக்கே திரும்பி, குளிர்ந்த நீரின் மேல் வரும்போது அதன் அடி இறுகிவிடுகிறது. கடலின் மேல் அது அமைதியான தாழ்மேகக் காற்று. ஆனால் கரையேறி, பகல் வெயிலில் தரை சூடாகி அந்த இறுக்கம் உடைந்தால், மேலே சேர்த்து வைத்திருந்த நிலையின்மை முழுவதும் வெளிவந்து இடியோடு மழை கொட்டும்.

ஆகவே ஒரு குளிர்க் காற்றோட்டம் என்ன செய்யும் என்று நீங்களே கணிக்க விரும்பினால், கரையில் இருக்கும் வெப்பமானியை விட்டுவிட்டு, கடல்நீரின் வெப்பநிலையையும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்து வெப்பநிலையையும் பாருங்கள். வட அமெரிக்கப் பேரேரிகளில் இந்த இரண்டுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏரிப் பனிப்பொழிவுக்கு வழி திறந்துவிட்டது என்று கொள்கிறார்கள். அந்த உயரத்துக்கு அடி முதல் தலை வரை கலங்கிய காற்றில் இயல்பாக வரும் வித்தியாசம் அதுதான். அடுத்து, காற்று நீரின் மேல் கடக்கும் தூரம். காற்றின் திசை சில டிகிரி மாறினாலே அந்தத் தூரம் பாதியாகலாம். அதோடு, நீர் திறந்திருக்கிறதா என்பதும் முக்கியம். ஆழம் குறைந்த ஈரி ஏரி கடுங்குளிர்காலத்தில் பெரும்பகுதி உறைந்துவிட்டால் ஏரியைக் கடந்த காற்று போய்ச் சேரும் கரையின் பனிப்பொழிவு பெரிதும் அடங்கிவிடுகிறது. ஜப்பானுக்கு வடக்கே கடற்பனி மூடிய ஓகோட்ஸ்க் கடலின் மேல் போகும் சைபீரியக் காற்று, தான் இன்னும் நிலத்தின் மேலேயே போவது போலக் குளிரும் வறட்சியும் குறையாமல் கடந்துபோகிறது.